ஃபிரிட்ஜுக்குள் அறுபது பல்

பிடித்தால் விடமாட்டாள் என்பதால் பல் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு ‘உடும்பு’ என்று பேர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அவர் வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும், அத்தனை பொருத்தம். பல் கல்லூரியில் சர்க்கரையைப் பற்றிப் பேசுவது தப்பு என்பது வேறு விஷயம்.

கல்யாணமாகி, சில வருஷம் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மேல்படிப்புக்கு வந்தவள் அவள். கூடப் படிப்பவர்கள் எல்லாம் அவளைவிடச் சின்னவர்கள். அவர்களுக்கு இன்னும் நாள் கிடக்கிறது, அவளுக்கு இல்லை. அதனால் எதையாவது எடுத்தால் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அவளோடு வாதாடுவதைவிடக் கேட்டதைக் கொடுத்துவிடுவது மேல் என்று ஸ்டோர் ரூம் ஆட்கள் எப்போதோ முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவளின் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவே, ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. ஜாடிக்குள் அறுபது பல். உடைந்து போனால் மாற்றுவதற்கென்று மேலும் சில.

ஆராய்ச்சி என்றால் கம்ப்யூட்டரும் கண்ணாடிக் குழாயும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பல் ஆராய்ச்சி பிச்சை எடுப்பதில் தொடங்குகிறது. பல்லை அடைக்கும் பொருள் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க நிஜப் பல்தான் வேண்டும், பிளாஸ்டிக் பல் உதவாது. அதுவும் சொத்தை இருக்கக்கூடாது, கீறல் இருக்கக்கூடாது. நல்ல பல்லை யார் பிடுங்குவார்கள்? பல்வரிசை சீர்செய்யக் கம்பி கட்டுகிறவர்களுக்கு இடம் போதாமல் ஒன்றிரண்டு பல் எடுப்பார்கள். பல் எடுக்கும் அறை வாசலில் பாட்டிலோடு நின்று, வெளியே வருகிறவரிடம் கேட்டு, அவர் மனசார ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டால்தான் பல் கிடைக்கும். ஒற்றைப் பல்லுக்காகப் பேச்சுவார்த்தையே நின்றுபோன சிநேகிதிகள் அந்தக் கல்லூரியில் உண்டு. உடும்பு ஒரு வருஷத்துக்கு மேல் நின்று சேர்த்தாள்.

சேர்த்த பல் காயக்கூடாது. பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மருந்து போட்ட தண்ணீரில், குளிரில் கிடக்கவேண்டும். துறையின் ஃபிரிட்ஜ் ஒருநாள் கடைசி மூச்சை விட்டது. புதுசுக்கு எழுதிப்போட்டார்கள். எழுதிப்போட்டால் வந்துவிடுமா? உடும்பு ஜாடியைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் மூன்று பேர். கணவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பேச்சிலும் கணக்குப் பார்க்கிறவர். மாமியாருக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மகன் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் தாய்தான் செலவழித்தார்.

“சாப்பிடற சாமான் வைக்கிற இடத்துல செத்தவங்க பல்லா?” என்றார் மாமியார், ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி.

“செத்தவங்க பல் இல்ல அத்தை. எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க.”

“ஆளு எங்கேயோ, பல்லு என் ஃபிரிட்ஜுல. இது அதைவிட மோசம்மா.”

“என் படிப்பே இந்த ஜாடிக்குள்ளதான் அத்தை இருக்கு. நீங்க தொடாம இருந்தாப் போதும்.”

படிப்பு என்றதும் அத்தை இறங்கி வந்தார். மருமகள் பெரிய டாக்டராவதில் மகனைவிட அவருக்குத்தான் ஆசை. தொடக்கூடாது என்று சொன்னவள், ஏன் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. உடும்பு செய்த தப்பு அது ஒன்றுதான், அது போதுமானதாக இருந்தது.

இந்த அத்தை விஷயத்தில் உடும்புக்கு இன்னொரு குறையும் உண்டு. பல் டாக்டர் இருக்கிற வீட்டில் அத்தை வருஷக்கணக்காக வலப்பக்கம் மட்டும்தான் மென்று கொண்டிருந்தார். இடப்பக்கக் கீழ்க் கடைவாயில் ஏதோ இருக்கிறது. வாயைத் திறங்கள் என்றால் பேசுவதற்கு மட்டும் திறப்பார். “ஒரு டாக்டர் வலிக்கவே வலிக்காதும்மான்னு சொல்லித்தான் உக்கார வெச்சான். உசுரு போயிட்டு வந்துச்சு. அன்னிக்கே சொல்லிட்டேன், இனிமே எந்த டாக்டர் பேச்சையும் நம்பமாட்டேன்னு. நீ கோவிச்சுக்காதம்மா, நீ டாக்டர்ங்கறதால சொல்லல.” கோவித்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? ஆனால் உடும்பும் விட்டுவிட்ட ஒரே காரியம் அந்தப் பல்தான்.

ஜாடிக்குள் அவளுடைய படிப்பு மட்டும் இல்லை. மாவு சாரின் ஆயுசும் இருந்தது. மாவு சார் அவளுடைய பேராசிரியர். நல்ல பேர் ஒன்று அவருக்கு இருக்கிறது, அது சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் ஞாபகம். பத்து வருஷமாக ஒரு பொடியையும் ஒரு திரவத்தையும் கண்ணாடித் தகட்டின்மேல் குழைத்துக் குழைத்துப் பார்த்து, பல் குழியை அடைக்க ஒரு மாவு கண்டுபிடித்திருந்தார். சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு மாவைக் குழியில் வைத்து விரலால் அழுத்தினால் போதும். துளை போடும் மெஷின் வேண்டாம், விளக்கு வேண்டாம், மின்சாரமே வேண்டாம். மரப் பெஞ்சில் படுக்கவைத்துக்கூட வேலையை முடித்துவிடலாம்.

இப்போது எல்லாரும் வைப்பது வெள்ளைப் பிசின். நீல வெளிச்சம் காட்டினால் கல்லாக இறுகும். நல்ல சரக்குதான், ஆனால் விலை கூட, மெஷினும் நாற்காலியும் கேட்கும். அந்தப் பிசினுக்கு மாவு சமமாக நிற்கிறதா என்பதுதான் உடும்பின் ஆராய்ச்சி. நின்றால், பள்ளிக்கூடக் கிளினிக் அத்தனைக்கும் பிசினை நிறுத்திவிட்டு மாவையே அனுப்புவதாக அவற்றுக்குச் சரக்கு வாங்கித்தருகிற ஒரு குழு சொல்லியிருந்தது. குழு கூடுவது அடுத்த மாசம். சார் ஓய்வு பெறுவதும் அதே மாசக் கடைசி. மனிதருக்குப் பிள்ளைகுட்டி கிடையாது, மாவுதான் எல்லாம்.

சோதனை நாளில் பாதிப் பல்லில் மாவும் பாதிப் பல்லில் பிசினும் ஒட்டி, ஒவ்வொன்றாக இழுக்கும் மெஷினில் மாட்டினாள். அடைப்பு பிய்த்துக்கொண்டு வரும்வரை மெஷின் இழுக்கும், எவ்வளவு பலத்துக்குத் தாங்கியது என்று திரையில் எண் வரும். பிசின் பொட்டு பொட்டென்று கழன்றது. மாவு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. சமமாவது ஒன்றாவது, மாவு ஜெயித்தேவிட்டது.

மாவு சார் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார். இனிப்பு வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார். பல் மருத்துவர்கள் கூடி நின்று இனிப்பு தின்ற அந்தக் காட்சியை நோயாளிகள் யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

உடும்புக்கு மட்டும் இனிப்பு இறங்கவில்லை. மாவு ஜெயித்தது சரி, பிசின் ஏன் இப்படித் தோற்றது? உலகத்தில் யார் இழுத்துப் பார்த்தாலும் பிசின் தாங்குகிற பலத்தில் பாதிகூட இங்கே தாங்கவில்லை. நீல விளக்கைச் சோதித்தாள், நன்றாக எரிந்தது. பிசின் டியூப் புதுசு. மெஷினை ஆள் வைத்துச் சரிபார்த்தாள், அதிலும் குற்றமில்லை.

“ஏம்மா, முட்டையில மயிர் புடுங்கறே?” என்றார் சார். கோபமாக இல்லை, சந்தோஷம் இன்னும் மிச்சமிருந்தது. “ஜெயிச்சா ஏன் ஜெயிச்சோம்னு யாராவது அழுவாங்களா?”

“அழல சார். புரியல, அவ்வளவுதான்.”

புரிந்தது வீட்டில், சாப்பாட்டு மேஜையில். கணவன் அன்றைக்குச் செலவுக்கு அஞ்சாமல் ரெண்டு வாக்கியம் பேசினார். ஆராய்ச்சி ஜெயித்ததைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னாராம். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

“என்னைப் பத்தி மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. அதுல எனக்கும் பங்கு இருக்கு, தெரியுமா?”

“உங்களுக்கு என்னம்மா பங்கு?” என்றார் கணவன்.

“பின்னே? மஞ்சளும் பழுப்புமா அந்தப் பல்லு கிடந்த லட்சணத்துக்கு, அதை எடுத்துக்கிட்டுப் பெரியவங்க முன்னாடி நின்னா என் மருமகளை மதிப்பாங்களா? வாராவாரம் ஃபிரிட்ஜ் துடைக்கிறப்ப அந்த ஜாடியில கொஞ்சம் பிளீச் ஊத்தி ஊறவெச்சு அலசி வெச்சேன். பழையபடி இவ போடற மருந்துத் தண்ணியையே ஊத்திட்டேன். பளிச்சுன்னு ஆயிடுச்சுல்ல? தொடாதேன்னு சொன்னே. நான் எங்க தொட்டேன்? கரண்டியாலதான் எடுத்தேன்.”

உடும்பு கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். பற்கள் வெளுத்துப்போனதை அவளும் பார்த்திருந்தாள். வாராவாரம் தண்ணீர் மாற்றுவதால் அழுக்குப் போகிறது என்று நினைத்துவிட்டாள். பிளீச் பட்ட பல்லுக்குள் ஒரு காற்று தங்கிவிடும், அந்தக் காற்று இருக்கிறவரை பிசின் ஒழுங்காக இறுகாது. மாவின் பிடிப்பு வேறு வகை, அதற்கு இந்தக் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஒருவன் காலை மட்டும் கட்டிப்போட்டுவிட்டு ஓட்டப்பந்தயம் நடத்தியிருக்கிறாள். காலைக் கட்டியவர் எதிரில் உட்கார்ந்து, பாராட்டுக்குக் காத்திருந்தார்.

“என்னம்மா? ஏன் இப்படிப் பாக்கறே?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். அத்தை வயசுக்கு அது ஒன்றும் பாவமில்லை. ஆனால் ஏன் என்று சொல்லாமல் விட்டதால் வந்த வினை இது. அதனால் உடும்பு முதலிலிருந்து, காற்றிலிருந்து காலைக் கட்டியது வரை சொன்னாள். அத்தை முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே வந்தது. எழுந்து போய்ச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

கணவன் குரலைத் தாழ்த்தினார். “யாருக்குத் தெரியப்போகுது? கூட்டம் முடியட்டும். மாவு நல்ல பொருள்னு நீயே சொல்றே. அம்மா பாவம். உன் சாரும் பாவம். நீயும்தான், இந்தத் தடவை விட்டா உன் படிப்பு தள்ளிப்போகும்.”

“எல்லாரும் பாவம்தாங்க. பிசின் வெச்சிக்கிட்டிருக்கிற கிளினிக்ல அதை எடுத்துட்டு மாவு வைப்பாங்க. ஒரு பிள்ளைக்குப் பெரிய குழி இருக்கும். மாவு தாங்கும்னு நான் சொன்னதை நம்பிக் கடிக்கும். விழுந்துச்சுன்னா யாரு பாவம்?”

கணவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவருடைய அன்றைய கணக்கு தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் கல்லூரியில், அன்று காலையில் எடுத்த நாலு புதுப் பல்லைக் கேட்டு வாங்கி, ஜாடியில் மிச்சமிருந்த வெளுத்த பல் நாலோடு சேர்த்து, எட்டிலும் பிசினை ஒட்டி இழுத்தாள். வெளுத்த பல்லில் பழைய கதைதான். புதுப் பல்லில் மெஷின் முக்கி முனகியது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனதில் ஒரு நிம்மதி, அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல். ஒரு வருஷம் வாசல் வாசலாக நின்றது அத்தனையும் வீண்.

மாவு சாரின் அறை சின்னது. சுவரெல்லாம் பொடி டப்பா, மேஜைமேல் பத்து வருஷமாகக் குழைத்துக் குழைத்து நடுவில் மங்கிப்போன கண்ணாடித் தகடு. அவள் நின்றபடியே சொன்னாள். சார் கேட்டுக்கொண்டே தகட்டைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“உங்க மாமியார் செஞ்ச காரியத்துக்கு என் பத்து வருஷமா?” என்றார் கடைசியில்.

“மாமியார் இல்ல சார், நான்தான். ஏன் தொடக்கூடாதுன்னு சொல்லாம விட்டது நான்.”

“மாவு கெட்ட பொருளா?”

“இல்ல சார்.”

“மெஷினே இல்லாத இடத்துல ஒண்ணுமே வைக்காம பல்லைப் பிடுங்கறாங்களே, அதைவிட நல்லதா இல்லையா?”

“நல்லதுதான் சார்.”

“அப்புறம் என்ன? கூட்டத்துல நான் பேசிக்கறேன். நீ வாயைத் திறக்கவேண்டாம்.”

உடும்புக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழுததில்லை, அன்றைக்கும் அழவில்லை. “நான் வாயைத் திறக்காம இருக்கலாம் சார். நம்மளை நம்பிப் பிள்ளைங்க திறப்பாங்களே.”

சார் துணியைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாக நாற்காலிகள், மாணவர்கள் குனிந்து யார் யார் வாயையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சொத்தையை மிச்சம் வைத்து மேலே அடைக்காதே என்று முதல் நாள் பாடம் நடத்தியவர் அவர்தான். மூடினால் உள்ளே அழுகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“கூட்டத்துக்கு முன்னாடி அறுபது பல்லுக்கு எங்க போவே?” என்றார்.

“சேர்த்துடுவேன் சார்.”

“ஒரு வருஷம் ஆச்சு உனக்கு.”

“அப்ப இதுதான் வேணும்னு இவ்வளவு வெறி இல்ல சார்.”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். உடும்பு அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனால் அத்தை புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு, பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளை மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் பிளீச் பாட்டில் இருந்த இடம் காலி. தூக்கி எறிந்துவிட்டாராம், துணிக்குக்கூட இனி வேண்டாமாம்.

“கெடுத்தவ நான். சேர்த்துக் குடுக்கறவளும் நானாத்தான் இருக்கணும். எந்த வாசல்ல நிக்கணும்னு மட்டும் காட்டு.”

“அத்தை, அது அவ்வளவு லேசு இல்ல. யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. விருப்பப்பட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான்…”

“எனக்குக் கட்டாயப்படுத்தத் தெரியாது. பேசத்தான் தெரியும்.”

அது உண்மைதான் என்று சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்துபோனது. பல் எடுக்கும் அறை வாசல் பெஞ்சில் அத்தை இடம் பிடித்தார். பயந்துபோய் வந்து உட்காருகிறவர்களுக்கு அவர் டாக்டரும் இல்லை, மாணவியும் இல்லை. அவர்களைவிட அதிகமாக நடுங்குகிற ஒரு அம்மா. “எனக்கும் பயம்தான் கண்ணு, உள்ள எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்” என்று ஆரம்பிப்பார். அப்புறம் நடந்ததை ஒளிக்காமல் சொல்வார். மருமகளின் பல்லை வெளுத்துக் கெடுத்த கதையை அவர் சொல்லிக் கேட்டுக் கன்னம் வீங்கியவர்களே சிரித்தார்கள். “பிடுங்கின பல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பண்ணப்போறே? எங்ககிட்ட குடுத்தா, நாளைக்கு ஏதோ ஒரு பிள்ளையோட பல்லு நிக்கும். வேண்டாம்னா வேண்டாம், நான் கோவிச்சுக்கமாட்டேன்.” வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்களோடும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. அதில் ஒருவர், வாயில் பஞ்சைக் கடித்தபடி திரும்பி வந்து, கையை நீட்டிப் பேனா கேட்டார்.

கல்லூரி வாசல் மட்டும் போதவில்லை. கம்பி கட்டுகிற தனியார் கிளினிக் ஒவ்வொன்றுக்கும் உடும்பு கடிதத்தோடு போனாள். ஒரு டாக்டர் முடியாது என்றார். மறுநாளும் போனாள், அவர் மறுபடியும் முடியாது என்றார். நாலாம் முறை அவள் தலையைக் கண்டதும், “உள்ள பாட்டில்ல வெச்சிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போங்க தாயே” என்றார். கூடப் படிப்பவர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு, ஒரு பல்லுக்காக அவளோடு பேச்சை நிறுத்தியிருந்த ஒரு சிநேகிதி வந்து, தன் ஜாடியிலிருந்து எட்டு பல்லை எடுத்து நீட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாள். பேசாவிட்டால் என்ன, பல் பேசியது.

சேர்ந்த பல்லெல்லாம் மறுபடியும் அதே ஃபிரிட்ஜுக்குத்தான் போனது.

“திரும்பவும் அவங்க கையிலயா?” என்று மாவு சார் பதறினார்.

“இனிமே அவங்களைவிட ஜாக்கிரதையா யாரும் பாத்துக்கமாட்டாங்க சார்.”

பார்த்துக்கொண்டார். ஒருநாள் பகல் முழுக்க மின்சாரம் போனது. அத்தை கடைக்கு ஓடிப் பனிக்கட்டி வாங்கிவந்து ஜாடியைச் சுற்றி அடுக்கினார். அன்றைக்குப் பால் திரிந்தது, காய் வாடியது, முட்டையின் கதி என்னவென்று யாரும் விசாரிக்கவில்லை. ஜாடித் தண்ணீர் மட்டும் சில்லென்று இருந்தது. மகன் தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தால்கூட, “ஏன் திறக்கக்கூடாதுன்னு சொல்றேன் கேளு” என்று தொடங்கி, பல்லுக்குள் தங்குகிற காற்று வரை பாடம் நடத்திவிட்டுத்தான் விடுவார்.

கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கணக்கு நிறைந்தது. சோதனை அறைக்குள் உடும்பு நுழைந்தபோது மாவு சார் ஏற்கெனவே அங்கே, சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணாடித் தகட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“மாவை நான்தான் குழைப்பேன்” என்றார். “தோத்தா என் கைப்பக்குவத்துல குறைன்னு யாரும் சொல்லக்கூடாது.”

குழைத்தார். ஒவ்வொரு பல்லுக்கும் புதுசாக, அவசரமில்லாமல் குழைத்தார். எது மாவு எது பிசின் என்று தெரியாதபடி மெஷினை வேறொருவர் இயக்கினார். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிசின் மலை மாதிரி நின்றது. மாவும் நின்றது, அன்றைக்குத் தாங்கிய அதே அளவு. அன்றைக்கு அது வெற்றி, இன்றைக்குப் பிசினில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மாவு மோசமில்லை, ஜெயிக்கவில்லை, அவ்வளவுதான்.

உடும்பு எண்களைச் சேர்த்து வகுத்து, தாளை அவர்பக்கம் தள்ளினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கழற்றினால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள், கேட்கவில்லை. உண்மைக்காக மன்னிப்புக் கேட்டால் அது அவருக்குத்தான் அவமானம்.

“கூட்டத்துல நானே சொல்றேன்” என்றார் சார். “நீயும் பக்கத்துல நில்லு. கேட்டா வாயைத் திற.”

குழு கூடியது. சார் எழுந்து முதல் சோதனையில் நடந்த தப்பைச் சொன்னார், யாருடைய தலையிலும் போடாமல் சொன்னார். பிறகு புது எண்களைச் சொன்னார்.

“அப்ப மாவு பிசினுக்குச் சமம் இல்ல?” என்றார் தலைவர்.

“இல்லை.”

“அப்புறம் இதை எதுக்கு நாங்க வாங்கணும்?”

“பிசின் இருக்கிற இடத்துக்கு வாங்கவேண்டாம். நாற்காலி இல்லாத இடத்துக்கு வாங்குங்க. சின்னக் குழிக்கு ஆகும், பெரிய குழிக்கு ஆகாது. விழும். விழுந்தா மறுபடியும் வைக்கணும். அப்படின்னு டப்பா மேலயே எழுதித்தான் தருவேன்.”

தன் சரக்கு விழும் என்று சொல்லி விற்க வந்தவரை அந்தக் குழு அதுவரை பார்த்ததில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாக் கிளினிக்குக்கும் என்ற பேச்சு அதோடு போனது. மெஷின் இல்லாத சில கிளினிக்குகளில் மட்டும் கொடுத்து, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பார்த்துச் சொல்லும் பொறுப்பு உடும்புக்கு. அவள் படிப்பு முடிவது ஆறு மாசம் தள்ளிப்போனது. வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வரும்போது சார், மாடிப்படியில் அவளைவிட வேகமாக இறங்கினார்.

மாசக் கடைசி வந்தது. சாருக்கு அது கடைசி நாள். அறையிலிருந்த டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், உடும்பு உதவிக்கு நின்றாள். கதவு தட்டாமலே திறந்தது. அத்தை. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

“எனக்கு அந்த மாவை வெச்சுவிடுங்க” என்றார்.

உடும்புக்குக் காதை நம்ப முடியவில்லை. நிஜமாகவா என்று கேட்டுக்கொண்டே அவரை வெளியே நோயாளி நாற்காலிக்கு நடத்தி, வெளிச்சத்தை இழுத்து, வருஷக்கணக்காகக் காட்டாத அந்த இடப்பக்கத்தைப் பார்த்தாள். பயந்த அளவுக்கு இல்லை. நடுத்தரக் குழி, நரம்பு வரை போகவில்லை.

“அத்தை, இங்க எல்லா வசதியும் இருக்கு. பிசின்தான் பலம். அதையே வெச்சிடலாம்.”

“அதுக்கு அந்த மெஷின் கத்தணுமா?”

“கத்தும்.”

“மாவுக்கு?”

“கத்தாது. கையாலதான் சுரண்டணும். ஆனா கூச்சம் இருக்கும், நடுவுல கொஞ்சம் வலிக்கும். பொய் சொல்லமாட்டேன்.”

“விழுமா?”

“ரெண்டு மூணு வருஷத்துல விழலாம்.”

“நீ எங்கயும் போயிடப்போறியா?”

“இல்ல அத்தை.”

“விழுந்தா மறுபடியும் வை.”

மாவு சார் பெட்டியிலிருந்து கண்ணாடித் தகட்டை வெளியே எடுத்திருந்தார். கை கழுவிக்கொண்டு வந்து பொடியைக் கொட்டியவர், குழைக்காமல் நின்றார்.

“இது தோத்த மாவும்மா” என்றார். “உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும் சார். அந்தப் பல்லையெல்லாம் சேர்த்ததே நான்தானே.” அத்தை நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “வலிக்கும்னு சொல்லிட்டா. விழும்னு சொல்லிட்டா. தோத்துச்சுன்னு நீங்களும் சொல்லிட்டீங்க. எனக்கு இதுவரைக்கும் எந்த டாக்டரும் இவ்வளவு சொன்னதில்ல. குழைங்க சார்.”

சார் குழைத்தார். உடும்பு கருவியைக் கையில் எடுத்தாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்தார்.